முகவாய் இருந்திருக்கும் இடம்

விடிந்தால் எனக்கு மான் அள்ளும் வேலை.
சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே
எழுபது மைல் சாலை, ஒரு லாரி, இரண்டு கொக்கி,
மழைக்கு நனையாத படிவக் கட்டு.
மைல். ஆணா பெண்ணா. குட்டி உண்டா.
மோதிய வாகனம், தெரிந்தால்.

அக்டோபர் கடைசியில் படிவம் தீர்ந்துபோகும்.
கிடாக்களுக்குக் கண்மண் தெரியாத காலம்.
பிணைமான்கள் அவற்றுக்குத் தப்பித்
தாரில் வந்து நிற்கும்,
விளக்கைப் பார்த்தபடி,
ஏதோ கேட்க வந்து மறந்ததுபோல.

வாரத்தில் ஆறு நாள் இவற்றைத் தூக்குகிறவள்
ஏழாம் நாள் பைக்கில் போவாளா என்று
ஆர்வோ கேட்பான், பேஸ்டியைக் கடித்துக்கொண்டே.
"தோலோடு போவாள்" என்பேன்.

தோல் என்றால் மாட்டுத்தோல்.
பழுப்பு ஜாக்கெட், முழங்கையில் தகடு,
முதுகில் ஆமைக்கு இருப்பதுபோல் ஒன்று.
கணுக்காலைத் தாண்டிய பூட்ஸ். தாடையை மூடும் ஹெல்மெட்.
ஜூலையில் இதற்குள் இருப்பது
சானாவுக்கு உடுத்திக்கொண்டு போவது மாதிரி.
தம்பி ரேனோ சிரிப்பான்.
அவனுக்குத் தலையில் காற்று வேண்டும்.
சட்டமும் அவன் பக்கம்.

எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன்:
கடந்துபோன மானைப் பார்க்காதே,
அது பிழைத்துவிட்டது.
அது வந்த இடத்தைப் பார்.

அன்று மாலை ஆறு பத்து.
டாமரக் மரங்கள் மஞ்சள் மஞ்சளாய் உதிர்த்த வளைவு.
ஒன்று கடந்தது. வேகம் குறைத்தேன்.
அது வந்த இடத்தைப் பார்த்தேன்.
இரண்டாவது வந்தது, கடந்தது.
விதி பலித்த சந்தோஷம்
அரை நொடி இருந்தது எனக்கு.

மூன்றாவது
வலப்பக்கம், பள்ளத்திலிருந்து.

சாலை தோல் கேட்டது.
மாட்டினுடையதைக் கொடுத்தேன்.
முப்பது கஜம், கொடுத்துக்கொண்டே போனேன்.
ஏற்கெனவே ஒருமுறை செத்த மாடு
எனக்காக இன்னொரு முறை.

பிறகு எல்லாம் அமைதி என்பார்கள். பொய்.
பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
வைசருக்குள் என் மூச்சு படிந்தது, கலைந்தது,
அதை வைத்துத்தான்
நான் இருக்கிறேன் என்று தெரிந்தது.
ஆறடி தள்ளி இன்னொரு மூச்சு.
அதற்கு வைசர் இல்லை.
குளிரில் வெள்ளையாய் எழுந்தது, எழுந்தது,
நான் எண்ணத் தொடங்கியதும்
குறையத் தொடங்கியது.

காறை எலும்பு, இரண்டு விலா, ஒரு மணிக்கட்டு.
மறுநாள் ஆர்வோ மருத்துவமனைக்குப் போன் செய்தான்.
அலுவலகக் குரல்.
"படிவம் நிரப்பணும், மார்லிஸ்."
நிரப்பினோம்.
மைல் நாற்பத்தொன்று. பெண்.
"குட்டி?"
"இல்லை" என்றேன்.
"மானுக்கு" என்றான்.
சிரித்தேன், விலா குத்திற்று.
அவன் பக்கம் சிரிப்பு வரவில்லை.
"எதிர்ப்பக்கம் இரண்டு நின்றுகொண்டிருந்தன.
நான் போகும்வரை நின்றன."

ஹெல்மெட் சமையலறை மேசையில் இருக்கிறது.
ஒருமுறை அடிபட்டது இனி உதவாது.
யாராவது எடுத்து மாட்டிவிடப் போகிறார்களென்று
வாரை நானே கத்தரித்துவிட்டேன்.
இடது கீழே ஒரு பள்ளம், விரல் அகலம்,
தார்த்துகள் இன்னும் உள்ளே.
ரேனோ வந்தான். விரலை அதில் வைத்து
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினான்.
அதே விரல், அவனுக்குத் தெரியாமலே,
தன் முகவாய்க்குப் போயிற்று.
காபி குடித்தான். பனி எப்போது என்று பேசினான்.
அவன் கிளம்பியதும் சன்னலில் பார்த்தேன்:
தலைமயிர் காற்றில்.

இப்போது மறுபடி லாரி.
தூரத்தில் ஓரமாய் ஏதாவது குவிந்து கிடந்தால்
நிறம் பிடிபடும்வரை
கால் பிரேக்கில் இருக்கிறது.
பழுப்பாய் இருந்தால் போதும்.
இறங்கி, கொக்கியை எடுத்து,
படிவத்தில் மைல் எழுதுவேன்.

ரேனோவின் சட்டை நீலம்.